நின்றுபோன டிராக்டர் மீண்டும் உழுதது எப்படி?

புரட்டாசி மாதம். வானத்தில் மேகம் கூடுகிறது. கலைகிறது. மறுபடியும் கூடுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் காட்டில் ஒரு சம்சாரி. பெயர் என்ன, ஊர் எது என்று கேட்காதீர்கள். விளாத்திகுளமாக இருக்கலாம். எட்டயபுரமாக இருக்கலாம். ஓட்டப்பிடாரமாகவும் இருக்கலாம். இவரைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இவருக்கு வந்த சங்கடமும் எல்லா ஊரிலும் உண்டு.

அவரிடம் ஒரு பழைய டிராக்டர் இருக்கிறது. சிவப்பு நிறம். அவருடைய தந்தை வாங்கியது. "மாஸி பெர்குசன் 1035" என்று பெயர்.

அன்று காலை பாதி நிலம் உழுதாகிவிட்டது. திடீரென்று வண்டிக்குள் "கடகட" என்று சத்தம். அடுத்த நிமிடம் "டொக்" என்று ஓர் இடி. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. இரண்டாவது கியரில் போட்டால், "டக் டக்" என்று இடித்துக்கொண்டு தடுமாறியது.

சம்சாரி உடனே என்ஜினை நிறுத்தினார். மேலே ஓட்டவில்லை. அந்த ஒரு காரியத்தை அவர் மிகச் சரியாகச் செய்தார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று பேர், மூன்று யோசனை

கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் களியாக ஒட்டும். நல்ல மழை விழுந்துவிட்டால், நிலத்தில் கால் வைக்க முடியாது. சக்கரமும் இறங்காது.

அதனால்தான் மானாவாரி நிலத்தில் மழைக்கு முன்பே உழுது விதைத்துவிட வேண்டும் என்கிறார்கள். கோவில்பட்டியில் 1901-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது சொல்லும் வழியும் இதுதான். விதை மண்ணுக்குள் காத்திருக்க வேண்டும். மழை வந்ததும் முளைக்க வேண்டும்.

மழை தவறினால் அடுத்த மழை வரும். விதைப்பு தவறினால் அந்த ஆண்டே போய்விடும்!

சம்சாரியின் வீட்டுத் திண்ணையில் மூன்று பேர் கூடினார்கள்.

பழைய இரும்பு வியாபாரி சொன்னார்: "எடைக்குக் கொடுத்துருங்க. இப்பவே பணம் தாரேன்."

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "கடன் வாங்கிப் புதுசு எடுத்துருங்க."

புது டிராக்டர் என்றால் பல லட்சம் ரூபாய். மகளைக் கல்லூரியில் சேர்த்து மூன்று மாதம்தான் ஆகிறது. கடனுக்கு மேல் கடனா?

மூன்றாவது ஆள், சம்சாரியின் மனைவி. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பட்டறையில காட்டாமலே விக்கதா?"

வண்டியைக் கயிறு கட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள்.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது?

பட்டறைக்குள் போகும் முன்பு, இந்த டிராக்டரின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வோம்.

அயர்லாந்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர் ஹாரி பெர்குசன். கலப்பையைச் சும்மா கட்டி இழுத்தால் போதாது, டிராக்டரோடு மூன்று இடங்களில் பூட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தவர். இன்று உலகம் முழுவதும் டிராக்டர்களில் கலப்பை பூட்டும் முறை அதுதான்.

அவருடைய சின்ன டிராக்டர் பெரிய சாதனையும் செய்தது. 1953-ம் ஆண்டில் டென்சிங்குடன் எவரெஸ்ட் சிகரம் ஏறிய ஹில்லாரி, 1958-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தை அடைந்தார். எதில் போனார் தெரியுமா? பெர்குசன் டிராக்டரில்!

1953-ம் ஆண்டில் பெர்குசன் கம்பெனியும் கனடா நாட்டு மாஸி ஹாரிஸ் கம்பெனியும் ஒன்று சேர்ந்தன. பிறகு "மாஸி பெர்குசன்" என்ற பெயர் நிலைத்தது.

அந்த டிராக்டரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் யார்? தொழிலதிபர் அனந்தராமகிருஷ்ணன். 1905-ம் ஆண்டில் பிறந்தவர். இவர் வேற்று ஊர்க்காரர் அல்ல. தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரிப் பக்கத்தைச் சேர்ந்தவர். அந்த ஊர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது.

சென்னையில் குதிரை வண்டி கட்டுவதற்காக 1840-ம் ஆண்டில் தொடங்கிய சிம்சன் கம்பெனி, அவர் காலத்தில் டீசல் என்ஜின் செய்யும் கம்பெனியாக வளர்ந்தது. 1960-ம் ஆண்டில் "டாபே" என்ற டிராக்டர் கம்பெனியும் பிறந்தது. அடுத்த ஆண்டு, 1961-ல், சென்னை செம்பியத்திலிருந்து மாஸி பெர்குசன் 1035 வெளியே வந்தது.

அந்த 1961-ம் ஆண்டைத் தூத்துக்குடிக்காரர்கள் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது அந்த ஆண்டில்தான். பிறகு கடலின் முத்துப் படுகைகள் பழையபடி விளையவில்லை.

கடலில் ஒரு தொழில் முடிந்தது. கரிசலில் ஒரு தொழில் தொடங்கியது!

1961-62-ல் இந்தியா முழுவதும் செய்த டிராக்டர்கள் 880 மட்டுமே. 2022-23-ல் அந்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

கியர்பாக்ஸ் என்ன செய்கிறது?

சைக்கிளைப் பாருங்கள். பெடலோடு ஒரு பல் சக்கரம். பின் சக்கரத்தோடு ஒரு பல் சக்கரம். பெரியது சின்னதைச் சுற்றினால் வேகம் கூடும். சின்னது பெரியதைச் சுற்றினால் வேகம் குறையும். ஆனால் பலம் கூடும்.

டிராக்டருக்கு வேண்டியது வேகம் அல்ல. பலம்.

என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுச் சுற்றுகிறது. உழும்போது பின் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது தெரியுமா? சுமார் 20 சுற்று! வேகம் நூறில் ஒரு பங்காகிவிட்டது. உராய்வில் போவது போக, இழுக்கும் பலம் நூறு மடங்கை நெருங்கிவிட்டது.

இந்த மாற்றத்தைச் செய்வது கியர்பாக்சும், அதன் பின்னால் இருக்கும் கிரவுன் சக்கரமும்தான். கியர்பாக்ஸ் இல்லாவிட்டால் என்ஜின் உறுமும். கலப்பை அசையாது.

1035-ல் முன்னே போக 6 கியர். பின்னே வர 2 கியர். ஆனால் உள்ளே இருப்பது முன்னுக்கு 3 கியர், பின்னுக்கு 1 கியர்தான். 3 எப்படி 6 ஆகிறது?

கியர்பாக்சின் பின்பக்கம் ஒரு தனி அமைப்பு இருக்கிறது. நடுவில் ஒரு பல் சக்கரம். அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றி வரும் சின்னச் சக்கரங்களுக்குக் கிரகங்கள் என்று பெயர். எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெரிய வளையம். நவக்கிரக சன்னிதி போலத்தான்! கம்பியை ஒரு பக்கம் தள்ளினால் வண்டி நேர் வேகத்தில் போகும். மறுபக்கம் தள்ளினால் வேகம் நான்கில் ஒரு பங்காகும். இழுவை நான்கு மடங்காகும்.

ரோட்டுக்கு ஒரு மூன்று. வயலுக்கு ஒரு மூன்று. ஆக ஆறு.

சத்தமே சாட்சி

பட்டறை மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"தம்பி, சத்தம் எந்த கியர்ல வந்துச்சு?"

"எல்லா கியர்லயும் கொஞ்ச நாளா ஒரு உறுமல் இருந்துச்சு, அண்ணாச்சி. நேத்துதான் ரெண்டாவதுல இடிச்சுது."

"உறுமல் எத்தனை நாளா?"

"ஆடியில இருந்தே உண்டு."

மேஸ்திரி தலையை ஆட்டினார். பாதி வியாதி அவருக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால், அந்தக் கியரின் பல்லில் கோளாறு. எல்லாக் கியரிலும் உறுமினால், பேரிங்கில் கோளாறு. போட்ட கியர் தானாக விழுந்தால், கியரைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும், அல்லது கியரின் பல் முனை தேய்ந்திருக்கும். கியர் போடும்போது "கர்ர்" என்று கத்தினால், குற்றம் பெரும்பாலும் கியர்பாக்சில் இல்லை. கிளட்ச் முழுவதும் விலகவில்லை என்று பொருள்.

எண்ணெய் சொன்ன கதை

அடுத்து மேஸ்திரி எண்ணெயை வடித்தார்.

இந்த வண்டியில் கியர்பாக்ஸ், பின் அச்சு, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். சுமார் 30 லிட்டர் பிடிக்கும்.

நல்ல எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கும். பழசானால் கறுக்கும். ஆனால் இந்த எண்ணெய் எப்படி இருந்தது? பால் ஊற்றிய காபி போல வெளுத்து இருந்தது!

"தண்ணி கலந்திருக்கு" என்றார் மேஸ்திரி.

ஒரு காந்தத்தை எடுத்து எண்ணெய்க்குள் விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது காந்தத்தில் மீசை முளைத்ததுபோல் இரும்புத் தூள். அதோடு சுண்டு விரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு. அது ஒரு பல்லின் துண்டு.

இப்போது தெரிகிறதா, சம்சாரி உடனே வண்டியை நிறுத்தியது ஏன் சரி என்று? அந்தத் துண்டு சுற்றும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே சிக்கியிருந்தால், மற்றப் பற்களும் போயிருக்கும். ஷாப்ட் வளைந்திருக்கும். இரும்புப் பெட்டியே பிளந்திருக்கும். அப்போது பழைய இரும்பு வியாபாரி சொன்னதுதான் நடந்திருக்கும்.

மூன்றாகப் பிரிந்த வண்டி

லாரிக்கு அடியில் நீளமான இரும்புச் சட்டம் இருக்கும். அதன் மேல் என்ஜினும் கியர்பாக்சும் உட்கார்ந்திருக்கும். இந்த டிராக்டரில் சட்டமே கிடையாது. முன்னால் என்ஜின், நடுவில் கியர்பாக்ஸ், பின்னால் அச்சு. மூன்றையும் போல்ட் போட்டு ஒன்றாக முடுக்கியிருக்கிறார்கள். அதாவது கியர்பாக்ஸ்தான் வண்டியின் முதுகெலும்பு.

முதுகெலும்பை எடுக்க வேண்டும் என்றால், உடலை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

இதுதான் ஆபத்தான கட்டம். முன் அச்சு, நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்குகிறது. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்குவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பின்பாகத்திலிருந்து பிரிந்ததும் என்ஜின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அடியில் ஆள் இருந்தால் கதை முடிந்தது.

மேஸ்திரி முதலில் முன் அச்சுக்கும் என்ஜினுக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தார். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பவில்லை. கனமான தாங்கிகளையும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் போல்ட்டில் கை வைத்தார்.

"அவசரப்பட்டா வண்டி போகாது தம்பி, ஆள்தான் போகும்" என்றார்.

சிப்பியைத் திறந்தார்கள்

முத்துச் சிப்பியை வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். கியர்பாக்சும் அப்படித்தான்.

திறந்தார்கள். ஷாப்டுகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். டீசலில் கழுவினார்கள். சுத்தமான வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பரப்பினார்கள். காகிதம்போல் மெல்லிய இடைத் தகடுகள் சில இருந்தன. எந்தத் தகடு எந்த இடம் என்பது மாறக்கூடாது. மேஸ்திரி அவற்றைத் தனித் தனியாக நூலில் கோத்துக் கட்டினார், பூச்சரம் போல!

இரண்டாவது கியரின் சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. பக்கத்துப் பல் மூளியாகியிருந்தது.

"அப்போ இந்தச் சக்கரத்தை மாத்தினாப் போதும்லா, அண்ணாச்சி?" என்று கேட்டார் சம்சாரி.

"பல்லை மாத்தினா, புதுப் பல்லும் உடையும். இந்தப் பல்லைத் தின்னது யாருன்னு பாக்கணும்."

மேஸ்திரி பின்பக்கத்துப் பேரிங்கைக் கையில் எடுத்துச் சுழற்றினார். நல்ல பேரிங் பட்டுப்போல் சுழலும். இது மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. குண்டுகள் ஓடும் பாதையில் அம்மைத் தழும்புபோல் குழிகள். அவை துருக் குழிகள்.

இப்போது முடிச்சு அவிழ்ந்தது.

கியர்பாக்சின் தலையில் கியர் கம்பி வெளியே வருகிறது. அந்த இடத்தில் ஒரு ரப்பர் உறை உண்டு. அது கிழிந்திருந்தது.

கோடையில் நிலத்தில் வேலை இல்லை. சம்சாரி டிராக்டரை வாடகைக்கு விட்டார். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் டிரெய்லர் கட்டி உப்பு இழுத்தது. உப்பு வண்டியைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தினமும் மாலையில் குழாய் பிடித்து வண்டியை நன்றாகக் கழுவினார்.

கழுவியது சரிதான். ஆனால் கழுவிய தண்ணீர், உப்போடு சேர்ந்து, கிழிந்த உறை வழியாக உள்ளே இறங்கிவிட்டது!

தண்ணீர் போதாதென்று காற்றும் சேர்ந்துகொண்டது. பகலில் கியர்பாக்ஸ் சூடாகும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிரும். அப்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் உள்ளே போய் நீர்த் துளியாகப் படியும்.

தண்ணீர் பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்தது. துருப்பிடித்த பேரிங் தேய்ந்தது. பேரிங் தேய்ந்ததால் ஷாப்ட் ஆடியது. ஷாப்ட் ஆடியதால் பல்லும் பல்லும் நேராகச் சேரவில்லை. முழுப் பல்லும் தாங்க வேண்டிய பாரத்தைப் பல்லின் ஓரம் மட்டும் தாங்கியது. ஒரு நாள் உடைந்தது.

சில நூறு ரூபாய்கூடப் பெறாத ரப்பர் உறை. அது கிழிந்ததால் ஒரு குடும்பத்தின் விதைப்பே நின்றுபோனது!

பழைய உடல், புதிய உறுப்பு

மேஸ்திரி பட்டியல் எழுதினார். உடைந்த சக்கரம், அதோடு சேரும் ஜோடிச் சக்கரம், பேரிங்குகள், ஆயில் சீல்கள், பேக்கிங், கியர் கம்பிக்கு ரப்பர் உறை.

ஜோடிச் சக்கரம் எதற்கு? அது உடையவில்லையே?

பழைய பல் ஒரு மாதிரி தேய்ந்திருக்கும். புதிய பல் அதோடு ஒத்துப்போகாது. சத்தம் போடும். சீக்கிரம் தேயும். அதனால்தான் கியர்களை ஜோடியாக மாற்றுகிறார்கள்.

பல் எத்தனை என்று எண்ணினார்கள். சக்கரத்தில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். 1035 என்ற பெயரில் டிராக்டர்கள் தொடர்ந்து பல ஆண்டுகள் வந்தன. பிறகு வந்த 1035 டி.ஐ. வண்டியிலும் 6 முன் கியரும் 2 பின் கியரும்தான். அதனால் பாகம் கிடைப்பது பெரிய கஷ்டம் அல்ல. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாப் பாகமும் பொருந்தும் என்று நம்பக்கூடாது. பழையதைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரும்புப் பெட்டியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. கிரகச் சக்கரங்களில் தேய்மானம் உண்டா? இல்லை. முன்பக்கத்துப் பேரிங்கும் கரகரத்தது. அதையும் மாற்றினார்கள்.

பேரிங்கை ஷாப்டில் மாட்டுவது ஒரு கலை. சுத்தியலால் அடித்து ஏற்றினால், மாட்டும்போதே பேரிங்கின் ஆயுள் பாதி போய்விடும். மேஸ்திரி ஒரு சட்டியில் எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்தார். பேரிங்கைக் கம்பியில் கட்டி எண்ணெய்க்குள் தொங்கவிட்டார். சட்டியின் அடியில் படக்கூடாது. பட்டால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும்.

சூடு 100 டிகிரி அளவில் இருந்தால் போதும். அப்பளம் பொரிக்கும் சூட்டைவிட இது குறைவு. மிதமிஞ்சிச் சூடானால் இரும்பின் உறுதி கெட்டுவிடும்.

சூட்டில் பேரிங் விரிந்தது. எடுத்து ஷாப்டில் வைத்தார். "சுள்" என்று இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஆறியதும் இறுகப் பிடித்துக்கொண்டது. ஓர் அடிகூட அடிக்கவில்லை!

பிறகு இடைத் தகடுகள். ஷாப்ட் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று மெல்லிய அளவுத் தகட்டை இடையில் விட்டுப் பார்த்தார். அதிகம் ஆடினால் பல் கெடும். கொஞ்சமும் ஆடாவிட்டால், சூட்டில் விரியும்போது ஷாப்ட் இறுகிப் பேரிங் எரியும். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவு வரும் வரை தகட்டை மாற்றி மாற்றி வைத்தார்.

மூன்று துண்டுகளையும் மறுபடியும் சேர்த்தார்கள். ஷாப்டின் வரிப்பள்ளங்கள் ஒன்றுக்குள் ஒன்று தானாகப் போக வேண்டும். போகாவிட்டால் என்ஜினின் பெரிய சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் கிளட்ச் நடுவில் கெட்டுவிடும்.

கடைசியாகப் புது எண்ணெய். புத்தகத்தில் எந்த எண்ணெய் எழுதியிருக்கிறதோ அதே எண்ணெய்.

மறுபடியும் சத்தம்

எட்டாம் நாள் காலை.

சம்சாரி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மேஸ்திரி ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைக் கியர்பாக்சின் மேல் வைத்தார். கைப்பிடியைக் காதில் வைத்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல!

என்ஜின் கிளம்பியது. முதல் கியர். இரண்டாவது கியர். மூன்றாவது கியர். பின் கியர். கிரகக் கம்பியை மாற்றி மறுபடியும் எல்லாக் கியரும். கலப்பை தூக்கும் கை ஏறியது, இறங்கியது.

சத்தம் இருந்தது. என்ஜின் சத்தம் மட்டும் இருந்தது.

"பத்து நாள் உழுதுட்டு வாங்க. இந்த எண்ணெயை வடிச்சிட்டு வேற ஊத்துவோம். புது கியர் பழகும்போது கொஞ்சம் தூள் விழும். அது உள்ளே கிடக்கக் கூடாது."

"எண்ணெய் வீணாப் போகுமே, அண்ணாச்சி?"

"எண்ணெய் போனா வாங்கிக்கிடலாம், தம்பி. ஐப்பசி போனா வாங்க முடியுமா?"

வீட்டில் டிராக்டர் இருக்கிறதா?

அப்படியானால் இந்த ஐந்தையும் மறக்காதீர்கள்.

1. கியர் கம்பியின் ரப்பர் உறையை மாதம் ஒரு முறை பாருங்கள். கிழிந்தால் உடனே மாற்றுங்கள். மாற்றும் வரை பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டி வையுங்கள்.

2. அளவுக் கம்பியை எடுத்து எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த எண்ணெயோடு ஓட்டாதீர்கள்.

3. பழைய டிராக்டர்களில் வண்டி ஓடும்போது கியர் மாற்றக் கூடாது. கிளட்சை முழுவதும் மிதியுங்கள். வண்டி நிற்கட்டும். பிறகு மாற்றுங்கள். ஓடும்போது திணித்தால் பல் முனை மழுங்கும்.

4. உப்பளத்திலும் கடற்கரையிலும் வேலை செய்த வண்டியைக் கட்டாயம் கழுவுங்கள். ஆனால் கியர் கம்பியையும் எண்ணெய் மூடியையும் முதலில் மூடிவிட்டுக் கழுவுங்கள். இரவில் கொட்டகைக்குள் நிறுத்துங்கள்.

5. புதிய சத்தம் கேட்டால், அன்றே பட்டறைக்குப் போங்கள். ஆடியில் கேட்ட உறுமலுக்கு ஆடியிலேயே போயிருந்தால், பேரிங்கோடு செலவு முடிந்திருக்கும். பல் உடைந்திருக்காது.

மழை வந்தது

சம்சாரி பட்டறையிலிருந்து நேரே காட்டுக்குப் போனார். நின்ற இடத்திலிருந்தே உழவைத் தொடங்கினார். அன்று இரவு விளக்குப் போட்டுக்கொண்டு உழுதார். மறுநாளும் உழுதார். பிறகு உளுந்தும் பருத்தியும் விதைத்தார்கள்.

விதைத்து நான்கு நாள் கழித்து மேற்கே இடி இடித்தது. மாலையில் மழை பிடித்தது. கரிசல் மண்ணின் வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடின.

டிராக்டர் கொட்டகைக்குள் நின்றது. கியர் கம்பியின் அடியில் புது ரப்பர் உறை. சம்சாரியின் மனைவி அதன் மேல் ஒரு பழைய துணியையும் சுற்றிக் கட்டியிருந்தார்.

"ரப்பர்தான் புதுசாச்சே, துணி எதுக்கு?" என்று கேட்டார் சம்சாரி.

"இருக்கட்டும்" என்றார் அவர்.